வைப்பருக்கு அடியில் ஒரு வழக்கு

1960 செப்டம்பர் 19, திங்கட்கிழமை. லண்டன் தெருக்களில் டிராஃபிக் வார்டன்கள் முதன்முதலாக இறங்கிய நாள். அன்று ஒரே நாளில் 300க்கும் மேற்பட்ட கார்களின் கண்ணாடியில் சீட்டு ஒட்டினார்கள். ஒவ்வொன்றும் 2 பவுண்டு அபராதம். அந்த வரிசையில் முதல் சீட்டு யாருக்குப் போனது என்பது இன்றுவரை பிரிட்டனில் சொல்லிச் சிரிக்கப்படும் கதை. வெஸ்ட் எண்ட் பகுதி ஓட்டல் ஒன்றில் ஒருவருக்கு மாரடைப்பு. அவரைப் பார்க்க அவசரமாக ஓடிவந்த டாக்டர், தன் ஃபோர்டு பாப்புலர் காரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போயிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் காரில் சீட்டு.

ஊரே கொந்தளித்தது. கடைசியில் டாக்டரை விட்டுவிட்டார்கள்.

கதை இத்தோடு முடிந்தால் சுபம். எனக்கு உறுத்துவது அந்தக் கடைசி வாக்கியம்தான். 'விட்டுவிட்டார்கள்' என்றால், யார் விட்டது? எந்த விதியின்படி? அந்த டாக்டர் ஒரு டாக்டராக இல்லாமல், கைக்குழந்தைக்கு மருந்து வாங்க ஓடிய கடை ஊழியராக இருந்திருந்தால் ஊர் கொந்தளித்திருக்குமா? கொந்தளிக்க ஊர் வராதவன் எங்கே போய் முறையிடுவது?

பார்க்கிங் டிக்கெட்டை எதிர்த்து மேல்முறையீடு செய்வது கேட்பதற்கு அற்பமான விஷயம். மகா கார்ட்டா பிறந்த நாட்டில் எழுதுவதற்கு வேறு விஷயமா இல்லை? ஆனால் பெரும்பாலான மனிதர்கள் தங்கள் ஆயுளில் அரசோடு நேருக்கு நேர் மோதுவது கொலை வழக்கிலோ தேசத்துரோக வழக்கிலோ அல்ல. இப்படி ஒரு சில்லறைச் சண்டையில்தான். அந்தச் சண்டையில் எதிராளி யார், நடுவர் யார், அபராதப் பணம் யார் பைக்குப் போகிறது என்ற மூன்று கேள்விக்கும் பிரிட்டன் கடந்த அறுபது வருடத்தில் விடையை மாற்றி மாற்றி எழுதியிருக்கிறது. அந்த மாற்றங்களின் வரலாறுதான் இந்தக் கட்டுரை.

1

காரை நிறுத்துவதற்குக் காசு வாங்கலாம் என்ற யோசனை பிரிட்டனுடையது அல்ல. உலகின் முதல் பார்க்கிங் மீட்டர் 1935 ஜூலை 16 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் நடப்பட்டது. பிரிட்டனுக்கு அது வந்து சேர இருபத்து மூன்று ஆண்டுகள் ஆயின. 1958 ஜூலை 10 அன்று லண்டனின் மேஃபேர் பகுதியில், அமெரிக்கத் தூதரகத்துக்குப் பக்கத்தில், 625 மீட்டர்கள் இயங்கத் தொடங்கின. ஒரு மணி நேரத்துக்கு ஆறு பென்ஸ்.

தேவை இருந்தது. 1950ல் பிரிட்டனில் ஓடிய கார்கள் சுமார் 20 லட்சம். 1960ல் ஏறக்குறைய 50 லட்சம். தெருக்களோ குதிரை வண்டிக் காலத்து அகலம்தான். அதுவரை ஒருவர் காரைத் தாறுமாறாக நிறுத்தினால் 'பாதையை மறித்த குற்றம்' என்று போலீஸ்காரர் வழக்குப் போட வேண்டும். சம்மன் அனுப்ப வேண்டும். மாஜிஸ்திரேட் முன்னால் போய் நிற்க வேண்டும். திருடனும் அடிதடிக்காரனும் நிற்கும் அதே கூண்டில், மளிகைக் கடை வாசலில் இருபது நிமிஷம் கார் நிறுத்தியவரும் நிற்பார். கார்கள் பெருகப் பெருக இது நடக்கிற காரியம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

1960ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு விஷயங்களைக் கொண்டுவந்தது. ஒன்று, போலீஸ் இல்லாத, ஆனால் போலீஸின் கீழ் வேலை பார்க்கும் வார்டன். இரண்டு, முன்கூட்டியே விலை நிர்ணயிக்கப்பட்ட அபராதச் சீட்டு. இந்தச் சீட்டின் உண்மையான அர்த்தத்தைக் கவனிக்க வேண்டும். அது தண்டனை அல்ல, பேரம். 'இந்த 2 பவுண்டைக் கட்டிவிடு, உன்னைக் கோர்ட்டுக்கு இழுக்க மாட்டோம்.' கட்ட இஷ்டமில்லை என்றால் நேராக மாஜிஸ்திரேட்டிடம் போய் வாதாடலாம். ஆக, முறையிட ஓர் இடம் இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே போவதென்றால் குற்றவாளி என்ற பட்டத்தைப் பணயம் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். 2 பவுண்டுக்காக யார் போவார்கள்?

அன்றைய ஏற்பாட்டில் ஒரு நல்ல அம்சமும் இருந்தது. சீட்டு ஒட்டியது போலீஸின் ஆள். பணம் போனது அரசுக் கஜானாவுக்கு. தீர்ப்புச் சொன்னது மாஜிஸ்திரேட். ஒட்டியவருக்கு அந்தப் பணத்தில் ஒரு பென்னிகூட லாபம் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

2

இந்த ஏற்பாடு சிதைந்தது கொடுங்கோலால் அல்ல, அலட்சியத்தால். காரை ஓட்டியது யார் என்று நிரூபிப்பது கஷ்டமாக இருந்தது. 'நான் ஓட்டலையே' என்று சொல்லிவிட்டால் முடிந்தது கதை. அதனால் 1974ல் சட்டத்தைத் திருத்தி, ஓட்டியவர் யாரானாலும் பொறுப்பு வண்டியின் சொந்தக்காரருக்கு என்றார்கள். 1983ல் லண்டனில் சக்கரத்துக்குப் பூட்டுப் போட ஆரம்பித்தார்கள். எதுவும் போதவில்லை. போலீஸுக்கு ஆயிரம் வேலை. கொள்ளையைப் பிடிப்பதா, இரட்டை மஞ்சள் கோட்டில் நிற்கும் காரைப் பிடிப்பதா? 1980களின் இறுதியில் மத்திய லண்டனில் விதியை மீறி நிறுத்துவது சர்வசாதாரணமாகிவிட்டது. தெருக்களைப் பராமரித்து, கோடு போட்டு, பலகை நட்டது கவுன்சில்கள். ஆனால் கோட்டின் மேல் நின்றவனைத் தண்டிக்கும் அதிகாரம் அவற்றிடம் இல்லை.

1991ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் இந்த முடிச்சை ஒரே வெட்டில் அவிழ்த்தது. தவறாக நிறுத்துவது இனிமேல் குற்றமே அல்ல என்றது. அது ஒரு கடன். கவுன்சிலுக்கு நீங்கள் தர வேண்டிய பாக்கி. சீட்டு ஒட்டுவது கவுன்சிலின் ஆட்கள். பணமும் கவுன்சிலுக்கே. 1993 ஜூலையில் லண்டனின் வாண்ட்ஸ்வொர்த் கவுன்சில் இந்த முறையை முதலில் தொடங்கியது. ஒரு வருடத்துக்குள் லண்டன் முழுவதும் மாறியது. லண்டனுக்கு வெளியே 1996ல் வின்செஸ்டர் முதலில் சேர்ந்துகொண்டது.

சாதாரண ஆளுக்கு இதில் ஒரு நன்மை, ஒரு தீமை. நன்மை, குற்றவாளிக் கூண்டு போய்விட்டது. தீமை, மாஜிஸ்திரேட்டும் போய்விட்டார். குற்றமே இல்லை என்றால் குற்றவியல் நீதிமன்றத்துக்கு என்ன வேலை? இப்போது கோடு போடுவதும் கவுன்சில், சீட்டு ஒட்டுவதும் கவுன்சில், காசு வாங்குவதும் கவுன்சில். 'நான் தப்பு செய்யலை' என்று எழுதினால் அதைப் படித்து முடிவு சொல்வதும் கவுன்சில் என்றால், அதற்குப் பெயர் நீதி இல்லை, கட்டப்பஞ்சாயத்து.

சட்டத்தை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. அதனால் அதே சட்டத்தில் பார்க்கிங் நடுவர் என்று ஒரு பதவியை உண்டாக்கினார்கள். குறைந்தது ஐந்து வருட அனுபவமுள்ள வழக்கறிஞராக இருக்க வேண்டும். கவுன்சில்களின் கூட்டுக்குழு நியமித்தாலும், நாட்டின் நீதித்துறையைக் கவனிக்கும் லார்ட் சான்சலர் ஒப்புதல் தர வேண்டும். லண்டனில் 1993ல் தொடங்கிய அந்த அமைப்பு இன்று 'லண்டன் டிரைப்யூனல்ஸ்' என்ற பெயரில் இயங்குகிறது. இங்கிலாந்தின் பிற பகுதிகளுக்கும் வேல்ஸுக்கும் 'டிராஃபிக் பெனால்ட்டி டிரைப்யூனல்'. வழக்குத் தொடரக் கட்டணம் கிடையாது. வக்கீல் வேண்டாம். தோற்றாலும், அநியாயமாக நடந்துகொண்டால் தவிர, எதிர்த்தரப்பின் செலவைக் கட்ட வேண்டியதில்லை. இத்தனை மலிவாகக் கிடைக்கிற நடுவரின் தீர்ப்பை கவுன்சில் மீற முடியாது.

3

ஒரு மென்பொருள்காரனின் கண்ணோடு இந்த நடைமுறையைப் பார்த்தால் சுவாரசியமான ஒன்று தட்டுப்படும். காரில் சீட்டு ஒட்டிய பிறகு 14 நாட்களுக்குள் கட்டினால் பாதிப் பணம். கட்டாமல் ஆட்சேபம் எழுதலாம். கவுன்சில் மறுத்தாலோ, நீங்கள் ஒன்றுமே செய்யாவிட்டாலோ, 28 நாட்களுக்குப் பிறகு வண்டியின் சொந்தக்காரருக்குத் தபாலில் அறிவிப்பு வரும். அதற்கு 28 நாட்களுக்குள் முறையான ஆட்சேபம் தெரிவிக்கலாம். கவுன்சில் அதையும் நிராகரித்தால் நடுவரிடம் போக இன்னொரு 28 நாள்.

இதில் முக்கியமானது மௌனத்துக்கு என்ன பொருள் என்பது. நீங்கள் எங்காவது மௌனமாக இருந்துவிட்டால் அபராதம் ஒன்றரை மடங்காகும். பிறகு நார்த்தாம்டனில் உள்ள ஒரு மையத்தில் அது கடனாகப் பதிவாகும். அதற்கும் பேசாமல் இருந்தால் அமீனா கதவைத் தட்டுவார். 2014 விதிகளின்படி அமீனாவுக்குக் கோப்பு போன கணமே 75 பவுண்டு கூடியது, ஆள் வீட்டுக்கு வந்தால் இன்னொரு 235. வாடகை வீடு மாறி, வண்டிப் பதிவில் முகவரியை மாற்ற மறந்தவர்களுக்கு இந்தக் கதை நன்றாகத் தெரியும். ஒரு கடிதமும் கைக்கு வராமலே முதல் செய்தி அமீனாவாக வந்து நிற்கும். அவர்களுக்காகவே 'எனக்கு அறிவிப்பே வரவில்லை' என்று உறுதிமொழி கொடுத்து, வழக்கைப் பின்னுக்கு இழுக்கும் வழியொன்றையும் சட்டம் வைத்திருக்கிறது.

சரி, கவுன்சில் மௌனமாக இருந்தால்? முறையான ஆட்சேபத்துக்கு 56 நாட்களுக்குள் பதில் தரவில்லை என்றால், உங்கள் வாதத்தை அது ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். டிக்கெட் செத்தது. டைம்அவுட் ஆனால் டிஃபால்ட் யார் பக்கம் சாய வேண்டும் என்பது மென்பொருளில் சின்ன முடிவு போலத் தெரியும், ஆனால் மொத்த அமைப்பின் குணத்தையும் அதுதான் தீர்மானிக்கும். அரசின் மௌனம் அரசுக்கே சாதகமாக முடிகிற அலுவலகங்களை நாம் நிறையவே பார்த்திருக்கிறோம். இங்கே மௌனத்துக்கு இரண்டு பக்கமும் விலை உண்டு.

இன்னொன்றும் இருக்கிறது. இங்கிலாந்து அரசின் வழிகாட்டுதலின்படி, தனிப்பட்ட டிக்கெட்டுகளை ரத்து செய்வதா வேண்டாமா என்பதில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் தலையிடக் கூடாது. கவுன்சிலரைப் பிடித்துக் காரியம் சாதிக்க வழியில்லை. எழுத வேண்டும். எழுதினால் படித்தாக வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சூப்பர் மார்க்கெட் வளாகங்களில் தனியார் நிறுவனங்கள் ஒட்டும் சீட்டு வேறு ஜாதி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் அதே மூன்றெழுத்துச் சுருக்கம், அதே மஞ்சள் உறை. ஆனால் தனியாருடையது ஒப்பந்த மீறலுக்கான பில், அவ்வளவுதான். செம்ஸ்ஃபோர்டு வணிக வளாகம் ஒன்றில் இலவச இரண்டு மணி நேரத்துக்கு மேல் 56 நிமிடம் கூடுதலாக நின்ற காருக்கு 85 பவுண்டு கேட்டது சரியா என்ற வழக்கு, உச்ச நீதிமன்றம் வரை போய் 2015 நவம்பரில் 'சரிதான்' என்று முடிந்தது. அந்தச் சீட்டுகளுக்கு நான் மேலே சொன்ன நடுவர்கள் கிடையாது.

4

நடுவர் என்று ஒருவர் வந்தவுடன், வழக்காடும் புத்தி விழித்துக்கொண்டது. சிலர் 1689ஆம் ஆண்டு உரிமைச் சாசனத்தையே தூக்கிக்கொண்டு வந்தார்கள். குற்றம் நிரூபிக்கப்படும் முன் அபராதம் விதிப்பது செல்லாது என்று அதில் இருக்கிறது. அப்படியானால் பார்க்கிங் டிக்கெட்டும் செல்லாது என்பது வாதம். கேட்க அழகாகத்தான் இருந்தது. நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. நடுவரிடம் போகும் வழியோடு சேர்த்து இந்த முறையை உண்டாக்கியதும் அதே பாராளுமன்றம்தானே!

ஆனால் அதைவிடச் சின்ன, கிட்டத்தட்ட அசட்டுத்தனமான ஒரு வாதம் ஜெயித்தது. வடக்கு லண்டனின் பார்னெட் கவுன்சில் ஒட்டிய சீட்டில், தவறு நடந்த தேதி இருந்தது. சீட்டு வழங்கப்பட்ட தேதி என்று தனியாக இல்லை. இரண்டும் ஒரே நாள்தானே, இதுல என்ன குழப்பம் என்றது கவுன்சில். நடுவர் மேல்முறையீட்டை ஏற்றுச் சீட்டு செல்லாது என்றார். கவுன்சில் விடவில்லை, நடுவருக்கு எதிராகவே உயர் நீதிமன்றம் போனது. 2006 ஆகஸ்ட்டில் நீதிபதி ஜாக்சன் நடுவர் பக்கமே நின்றார். கட்ட வேண்டிய நாட்கள் சீட்டின் தேதியிலிருந்துதான் எண்ணப்படுகின்றன. சீட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சட்டம் பட்டியல் போட்டிருக்கிறது. அதை நிறைவேற்றுவது சிரமமான காரியமும் அல்ல. நிறைவேற்றாவிட்டால் பணம் கேட்கும் உரிமையே பிறக்கவில்லை. இதனால் தனக்கு நஷ்டம் ஏற்பட்டது என்று வண்டிக்காரர் காட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

ஒரு ஃபீல்டு விடுபட்டதால் படிவமே செல்லாமல் போன கதை. இதை 'டெக்னிக்கல் பாயின்ட்' என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. நான் வேறு மாதிரி பார்க்கிறேன். ஒரு நிமிடம் தாமதமாக வந்தவரிடம் 'விதி விதிதான்' என்று சொல்லும் கவுன்சில், தன் விஷயத்தில் 'ஒரு தேதிதானே' என்று சொல்ல முடியாது. விதி இரண்டு பக்கமும் வெட்ட வேண்டும். நடுவர் இருப்பதன் முதல் பயன் இதுதான்.

ஆனால் கோடு கொஞ்சம் கோணலாக இருந்தாலே தப்பித்துவிடலாம் என்று நினைத்தவர்களுக்கு 2011ல் சண்டர்லண்ட் நகர வழக்கில் பதில் கிடைத்தது. பலகையிலும் கோட்டிலும் அங்கங்கே அற்பக் குறைகள் இருந்தாலும், நிறுத்தக் கூடாது என்பது ஓட்டுநருக்குத் தெளிவாகத் தெரியும்படி இருந்தால் போதும் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நிதானம் புலப்படுகிறது. சட்டம் கட்டாயம் என்று சொன்னதை விட்டால் மன்னிப்பில்லை. பெயின்ட் உரிந்ததற்கெல்லாம் விடுதலையும் இல்லை.

5

அப்படியானால் முதல் சீட்டு வாங்கிய டாக்டர் இன்று நடுவரிடம் போனால் ஜெயிப்பாரா?

இந்தக் கேள்வியில்தான் இந்த முறையின் மிகப் பெரிய இடைவெளி இருக்கிறது. நடுவர் பார்க்கக்கூடிய காரணங்கள் ஒரு பட்டியலுக்குள் அடங்கியவை. தவறு நடக்கவே இல்லை, வண்டி அப்போது என்னுடையது அல்ல, வண்டி திருடு போயிருந்தது, கேட்ட தொகை அதிகம், போக்குவரத்து ஆணையே செல்லாது, கவுன்சில் நடைமுறையில் பிழை செய்தது, இப்படி. 'தவறு நடந்தது, ஆனால் என் நிலைமையைப் பாருங்கள்' என்பது அந்தப் பட்டியலில் இல்லை. 2005ல் லண்டன் நெரிசல் கட்டணம் பற்றிய ஒரு வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை உடைத்தே சொல்லிவிட்டது. இரக்கம் காட்டும் அதிகாரம் நடுவருக்குக் கிடையாது. அது அபராதம் விதித்த அமைப்பிடம்தான் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். சுதந்திரமான நடுவரிடம் சட்டத்தைக் கொடுத்தார்கள். கருணையை மட்டும், காசு யாருக்குப் போகிறதோ அவரிடமே விட்டுவிட்டார்கள்.

2008 மார்ச் 31 அன்று நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் இந்த இடைவெளிக்கு ஒரு பாதிப் பாலம் போட்டன. மேல்முறையீட்டை ஏற்க முடியாவிட்டாலும், இந்தக் குறிப்பிட்ட வழக்கில் ரத்து செய்வதற்குத் தட்ட முடியாத காரணங்கள் இருக்கின்றன என்று நடுவர் கருதினால், கவுன்சிலுக்குப் பரிந்துரை செய்யலாம். கவுன்சில் மறுபடியும் புதிதாக யோசித்து 35 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணம் தர வேண்டும். பதில் சொல்லாவிட்டால் பரிந்துரையை ஏற்றதாகப் பொருள். மறுபடியும் மௌனத்துக்கு விலை!

பாலம் பாதிதான். ஆனால் 1960ல் அந்த டாக்டருக்குப் பத்திரிகைகளும் ஊராரும் செய்ததை, பெயர் தெரியாத ஒருவருக்கு, யாரும் கொந்தளிக்காத ஒரு செவ்வாய்க்கிழமையில், ஒரு நடுவர் எழுத்தில் செய்ய முடிகிறது. அது சின்ன விஷயம் இல்லை.

6

இப்போது பணத்துக்கு வருவோம். 2022-23 நிதியாண்டில் இங்கிலாந்தின் கவுன்சில்கள் பார்க்கிங் மூலம் ஈட்டிய உபரி ஏறக்குறைய 100 கோடி பவுண்டு. இதில் மீட்டர் கட்டணம், பெர்மிட், அபராதம் எல்லாம் சேர்த்தி. உபரி வருவது குற்றமல்ல. அதைச் சாலை, பொதுப் போக்குவரத்து போன்ற குறிப்பிட்ட செலவுகளுக்குத்தான் பயன்படுத்த வேண்டும் என்று 1984ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பணம் பண்ணுவதையே நோக்கமாக வைத்துக் கட்டணம் விதிக்கலாமா என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பதில் வாங்கியதும் பார்னெட்காரர்கள்தான். 2011ல் அந்தக் கவுன்சில் குடியிருப்போர் பெர்மிட்டை 40 பவுண்டிலிருந்து 100க்கும், விருந்தினர் வந்தால் கொடுக்கும் வவுச்சரை 1 பவுண்டிலிருந்து 4க்கும் ஏற்றியது. ஒரு குடியிருப்பாளர் வழக்குப் போட்டார். 2013 ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த உயர்வு சட்டவிரோதம் என்றது. பார்க்கிங் சட்டம் போக்குவரத்தை ஒழுங்குபடுத்த வந்தது, வரி வசூலிக்க வந்ததல்ல என்பது தீர்ப்பின் சாரம்.

ஆனாலும் நடுவரிடம் போகிறவர்கள் சொற்பம். ஒட்டப்படும் சீட்டுகளில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தீர்ப்பாயம் வரை போவதில்லை. காரணத்தை ஒரு சின்னக் கணக்கில் காட்டலாம். 2025 ஏப்ரலிலிருந்து லண்டனில் மிக உயர்ந்த நிலை அபராதம் 160 பவுண்டு. 14 நாளில் கட்டினால் 80. கடைசிவரை வழக்காடி ஜெயித்தால் 0, தோற்றால் 160. அதாவது, ஜெயிக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் இருந்தால்தான் வழக்காடுவது லாபம். அதற்குக் கீழே என்றால் கட்டிவிடுவதே புத்திசாலித்தனம். இதில் படம் பிடித்து, கடிதம் எழுதி, வாரக்கணக்கில் காத்திருக்கும் நேரத்தை நான் சேர்க்கவே இல்லை. நியாயம் தன் பக்கம் என்று முக்கால்வாசி நம்புகிறவர்கூட, வேலை கெடுமே என்று கட்டிவிடுவார். பாதி விலைத் தள்ளுபடி சலுகையாகத் தெரிகிறது. உண்மையில் அது வாயை மூடிக்கொள்வதற்கான விலை.

7

இந்த இடத்தில்தான் என் தொழிலைச் சேர்ந்த ஆட்கள் உள்ளே வருகிறார்கள். எழுதுவதுதான் சிரமம் என்றால், எழுதுவதை இயந்திரத்திடம் விட்டுவிடலாமே? 2015ல் லண்டனைச் சேர்ந்த ஜோஷுவா பிரௌடர் என்ற பதின்வயது இளைஞர் 'டுநாட்பே' என்ற சேவையைத் தொடங்கினார். சாட்பாட் சில கேள்விகள் கேட்கும். பலகை தெரிந்ததா? கோடு அழிந்திருந்ததா? பதில்களை வைத்து ஆட்சேபக் கடிதம் தயார். லண்டனிலும் நியூயார்க்கிலும் சேர்த்து 1,60,000 டிக்கெட்டுகளை ரத்து செய்ய வைத்ததாக 2016ல் அந்தச் சேவை சொல்லிக்கொண்டது. பத்திரிகைகள் கொண்டாடின. பிறகு அது 'உலகின் முதல் ரோபோ வக்கீல்' என்ற பட்டத்தோடு எல்லா வழக்குக்கும் கடை விரித்தது. 2024ல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், அந்த விளம்பரத்துக்கு ஆதாரம் இல்லை என்று குற்றம் சாட்டியது. 1,93,000 டாலர் கட்டச் சம்மதித்து நிறுவனம் சமரசத்துக்கு வந்தது.

இந்த வீழ்ச்சியைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் ஆரம்பத்தில் அந்த சாட்பாட்டுக்கு ஏன் மதிப்பு இருந்தது என்று கேட்பது பயன். அது புத்திசாலி இயந்திரம் என்பதால் அல்ல. மறுமுனையில் கடிதத்தைப் படிக்கச் சட்டப்படி கடமைப்பட்ட ஓர் அலுவலகமும், அதற்கு மேலே அந்த அபராதத்தில் பங்கில்லாத ஒரு நடுவரும் இருந்ததால். அந்த இரண்டும் இல்லாத ஊரில் உலகிலேயே சிறந்த ஆட்சேபக் கடிதத்தை எழுதும் இயந்திரத்தை வைத்து என்ன செய்ய?

இப்போது நிலைமை வேறு பக்கம் நகர்கிறது. கடிதம் எழுதுவது நாளுக்கு நாள் மலிவாகிறது. படிப்பது மலிவாகவில்லை. இந்தப் பக்கம் இயந்திரம் எழுதும், அந்தப் பக்கம் இயந்திரம் நிராகரிக்கும் என்ற நாள் தூரத்தில் இல்லை. சட்டம் கேட்பது 'பதில் அனுப்பு' என்பதை மட்டுமல்ல, 'பரிசீலி' என்பதையும். இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைச் சோதிக்க ஒரே வழி, பதிலில் காரணம் இருக்கிறதா, அந்தக் காரணம் எழுதப்பட்ட கடிதத்துக்குப் பொருந்துகிறதா என்று மூன்றாவது ஆள் ஒருவர் பார்ப்பதுதான்.

அந்த மூன்றாவது ஆளுக்கான செலவைத் தருவதும் கவுன்சில்கள்தான். இதைச் சுட்டிக்காட்டி நடுவர்களின் சுதந்திரத்தைச் சந்தேகிப்பவர்கள் உண்டு, சந்தேகிப்பதும் நல்லதே. ஆனால் பார்னெட்டின் சீட்டைச் செல்லாது என்றதும், தன் முடிவுக்காக உயர் நீதிமன்றம் வரை பதில் சொன்னதும் அப்படியொரு நடுவர்தான்.

தமிழ்ச் செய்தித்தாள்களில் தெருவோரம் தூசி படிந்து நிற்கும் வண்டிகளைக் 'கேட்பாரற்று நிற்கும் வாகனங்கள்' என்று எழுதுவார்கள். வண்டிகள் அப்படி நிற்பதில் பெரிய நஷ்டமில்லை, ஒருநாள் இழுத்துப் போய்விடுவார்கள். மனிதர்களின் முறையீடு அப்படி நின்றுவிடக் கூடாது. தீர்ப்பாயத்தில் தோற்றவருக்கும், ஏன் தோற்றார் என்று அவருடைய வழக்கைப் படித்த ஒருவர் எழுதிய தாள் கிடைக்கிறது. 160 பவுண்டு போனது போனதுதான். ஆனால் அவர் சொன்னதை, அந்தப் பணத்தில் பங்கில்லாத ஒருவர் உட்கார்ந்து படித்திருக்கிறார்.